அணைக்காத சூடம்

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஞானசிகாமணிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. தேனி மார்க்கெட்டில் மூட்டை சுமந்த காலத்தில் பிடித்த வலி. துப்பறியும் தொழிலுக்கு வந்தபோது கூடவே வந்து சேர்ந்துகொண்டது. படுத்தால் ஒரு விதமாக வலிக்கும், எழுந்தால் இன்னொரு விதமாக வலிக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் அவர் வேலை பார்த்தாக வேண்டும்.

"அண்ணே, உசுரு இருக்கா? இல்ல, காலைப் புடிச்சு இழுக்கவா?"

சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் சிம்ரன். அல்லிநகரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அவருடைய ஆபீசுக்கு ஒரே ஊழியர். வாய் மட்டும் இரண்டு ஆள் வேலை செய்யும்.

"பவுடரைக் குடு."

"என் மூஞ்சிப் பவுடர்ணே அது. லாரிக்குப் பூசி விட்டீகன்னா நாளைக்கே பொண்ணு பாக்க வந்துருவாக."

அவர் டப்பாவை வாங்கினார். இன்ஜினின் பக்கவாட்டில் டீசல் ஓடும் குழாய்கள், பில்டர், பம்பு, போல்ட் தலைகள் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, மேலே பவுடரைத் தட்டிவிட்டார். பழைய இன்ஜினில் எண்ணெய் படாத இடம் கிடையாது. ஒழுகுவது ஓரிடம், வழிந்து வந்து சொட்டுவது வேறிடம். பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

இன்ஜினை ஓடவிட்டார்கள். காத்திருந்தார்கள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

"ஒழுக்கு பாக்க ஒங்களக் கூப்பிடல."

ஷெட் வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டபடி அம்சத் பீவி நின்றிருந்தாள். கம்பத்தில் புருஷன் விட்டுப்போன ஒற்றை லாரியை, அவர் இறந்தபின் தானே நடத்தி வருகிறவள். குமுளி வழியாகக் கேரளாவுக்குத் திராட்சையும் வாழைத்தாரும் ஏற்றிப் போகும் வண்டி அது.

"மெக்கானிக் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. ஒரு சொட்டு ஒழுகலன்னு சொல்லிட்டாரு. ஆனா லோடுக்கு ஒரு கேன் டீசல் கொறையுது. கர்ணன் அதை யாருக்கு விக்கிறான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. சாயங்காலம் லாரி ஓனர் சங்கத்துல அவன் பேரைச் சொல்லப் போறேன்."

சங்கத்தில் பேர் சொல்லிவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த முதலாளியும் கர்ணனிடம் வண்டி கொடுக்க மாட்டார்கள். ஸ்டீயரிங்கைத் தவிர வேறெதுவும் பிடித்துப் பழகாத ஆள்.

ஞானசிகாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, டேங்க் மூடியில் தொங்கிய பூட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"சாவி யாருட்ட இருக்கு?"

"என் இடுப்புல. வேற யார்ட்டயும் இல்ல."

"பூட்டுல ஒரு கீறல் இல்லையே. எப்படி எடுத்தாரு?"

"கள்ளச்சாவி போட்டிருப்பான். சுருளிப்பட்டியில இருக்கற எங்க திராட்சைத் தோட்டத்த என் தம்பி அல்தாப்தான் பாத்துக்கிறான். அங்கன வண்டி நின்னப்ப கர்ணன் கேனோட போனத அவன் கண்ணால பாத்திருக்கான்."

"கர்ணன்ட்ட கேட்டீகளா?"

அம்சத் பீவி முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள். 

"வீரபாண்டி அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் கோயில் வாசல்ல நின்னேன். 'ஒரு சொட்டு டீசல்கூட எடுத்துக் குடுக்கலன்னு சூடத்தைக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணிருண்ணே, அதோட விட்டுர்றேன்'னேன். சூடம் எரிஞ்சு எரிஞ்சு தானாத் தீந்துச்சு. கையை நீட்டல அவன். அத்தனை பேர் பாக்க அங்கனயே வண்டிச் சாவிய வாங்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "எங்க வீட்டுக்காரக மௌத்தான அன்னைக்கு, குமுளியில இருந்து லோடோட திரும்பி வந்து நின்னவன். கூடப்பொறந்தவன் மாதிரி வச்சிருந்தேன். கூடப்பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

சிம்ரன் வாயைத் திறந்தாள். ஞானசிகாமணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

* * *

சின்னமனூர் வாழைத்தார் ஏலக்கடையில் கர்ணன் தோளில் தாரோடு வந்துகொண்டிருந்தான். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. சுமையைப் பழகாத தோள் ஒரு பக்கமாகக் கோணியது. பார்த்துக்கொண்டு நின்ற ஞானசிகாமணியின் இடுப்பு தானாக வலித்தது.

"யாரு, அந்தம்மா அனுப்புன போலீசா?"

"போலீசுன்னா ஜீப்புல வருவோம்ணே" என்றாள் சிம்ரன். "எங்கட்ட இருக்கறது ஸ்கூட்டி. ஹாரன் அடிச்சா ஹெட்லைட்டு எரியும்."

கர்ணன் சிரிக்கவில்லை. தாரை இறக்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"ஏன் சூடத்தை அணைக்கல?" ஞானசிகாமணி நேராகக் கேட்டார்.

"அதை விடுங்க."

"டீசல் எடுத்தீகளா?"

"விக்கல."

கேட்டது ஒன்று, வந்த பதில் ஒன்று. ஞானசிகாமணி அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டு, பேச்சை மாற்றினார்.

"வண்டி எப்படிண்ணே? நல்ல வண்டியா?"

கர்ணனின் முகம் மாறியது. வண்டியைப் பற்றி யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவன் போலப் பேசினான்.

"குமுளி மேட்டுல லோடோட போட்டா ஆனை மாதிரி ஏறும். ஒரே ஒரு கொறைதான். தோட்டத்துல ராத்தங்க விட்டு, காலையில எடுத்தா லேசுல ஸ்டார்ட் ஆகாது. லைன்ல ஏர் புடிச்சிருக்கும். கைப்பம்பை அடிச்சு அடிச்சுத் தோள்பட்டை கழண்டுரும்."

"ஷெட்டுல நிப்பாட்டினா?"

"ஒரே செல்ஃபு. பொசுக்குன்னு புடிச்சுக்கும்."

"இதை பீவிட்ட சொன்னீகளா?"

"சொன்னா வண்டி கெழடாயிருச்சு, வித்துருவோம்பாக. அந்த வண்டி போனா நான் என்னத்த ஓட்டுறது?" அடுத்த தாருக்குக் குனிந்தவன் குனிந்தபடியே சொன்னான்: "அந்தம்மாவ நான் குத்தம் சொல்லலங்க. ஆனா ஒரு வார்த்தை தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கோயில் வாசல்ல வச்சுக் கேட்டாக பாருங்க, அதுதான்."

முடிக்காமல் தாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஸ்கூட்டி உத்தமபாளையத்தைத் தாண்டும்வரை ஞானசிகாமணி பேசவில்லை.

"என்னண்ணே, பின்னாடி ஆள் இருக்கா? வேகத்தடையில விழுந்துட்டீகளோன்னு பாத்தேன்."

"டேங்க்ல இருந்து திருடுனா டீசல்தான் கொறையும். லைனுக்குள்ள காத்து எப்படிப் போகும்?"

"திருடன் ஊதி விட்டிருப்பான்."

"ஷெட்டுல போகாத காத்து தோட்டத்துல மட்டும் ஏன் போகுது? தோட்டத்துல வண்டி எப்படி நிக்கும்?"

"நாலு சக்கரத்துல."

"லாரிக்கு ஆறு, கழுதை. சுருளிப்பட்டிப் பக்கம் மூட்டை ஏத்தப் போயிருக்கேன், தோட்டம் பூராவும் சரிவு. பந்தல் பக்கமா மூஞ்சி கீழ, முதுகு மேல. ஷெட்டுல டேங்க்கும் பம்பும் ஒரே மட்டம், டீசல் சும்மா கெடக்கும். இன்ஜின் ஓடுறப்போ பம்பு உறிஞ்சுது, ஓட்டை இருந்தாலும் டீசல் வெளிய வராது. சரிவுல இன்ஜினை அமத்தி நிப்பாட்டினா டேங்க் மேல, இன்ஜின் கீழ. யாரும் உறிஞ்ச வேணாம், தானா எறங்கி வரும்."

சிம்ரன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப மெக்கானிக்கு மட்டத்துல வச்சுப் பாத்துட்டு, மனுசனத் திருடன்னு ஆக்கிப்புட்டாரா?"

"மெக்கானிக் ஒழுகலன்னுதான் சொன்னாரு. திருடன்னு சொன்னது வேற ஆளு."

* * *

லாரியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும் அம்சத் பீவி முகத்தைச் சுளித்தாள். "ஓட்ட ஆளுக்கு எங்க போறது? டிரைவரத்தான் நிப்பாட்டிட்டேனே."

"என்கிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கு" என்றாள் சிம்ரன். "கவர்மென்ட் பஸ் ஓட்டலாம்னு எடுத்தேன். கவர்மென்ட்டு இன்னும் மனசு வைக்கல."

கேபினில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து சுருளிப்பட்டித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கொடிப் பந்தல்கள் சரிவில் படிப்படியாக இறங்கின. மருந்து வாடை காற்றில் நின்றது. பம்புசெட் அறையிலிருந்து அல்தாப் ஓடி வந்தான். முப்பது வயதிருக்கும். முழங்கால்வரை சேறு.

"என்னக்கா, வண்டியோட வந்துட்ட? போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேனே."

"இவுகதான் பாக்கணும்னாக."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? திருடன் ஓடிட்டான். டீ போட்டுட்டு வாரேன்."

சிம்ரன் வழக்கமான தடத்தில் லாரியைச் சரிவில் நிறுத்தி, இன்ஜினை அமத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தாள். லாரியின் மூக்குக்கு நேர் கீழே புல் கருகிக் கிடந்தது. ஒரு பாய் விரிக்கும் அளவு. சுற்றிலும் பச்சை.

"இது என்ன தம்பி?" என்றார் ஞானசிகாமணி.

"களைக்கொல்லி அடிச்சேன்" என்றான் அல்தாப், போகிற போக்கில்.

அவன் பம்புசெட் அறைக்குள் போனதும் சிம்ரன் கிசுகிசுத்தாள். "தோட்டம் முழுக்கக் களை கெடக்கு. லாரிக்கு அடியில மட்டும் அளவெடுத்து அடிச்சிருக்காக."

அம்சத் பீவி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஞானசிகாமணி மறுபடியும் பவுடரைத் தட்டிவிட்டு, மறுபடியும் இடுப்பைத் திட்டிக்கொண்டு, அடியில் படுத்தார். சிம்ரன் ஒரு குச்சியால் கருகிய புல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எனக்கு நிச்சயம் ஆயிருச்சு."

தலைக்கு மேலே அவள் கை நீண்டது. சுண்டு விரலின் நுனியில் செம்பு வளையம் ஒன்று.

"மோதிரம் இல்ல, ஆத்தா. காப்பர் வாசர். டீசல் லைன் போல்ட்டுக்குப் போடறது." அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இந்த எடத்துல வச்சு யாரோ ஒரு போல்ட்டைக் கழத்தியிருக்காக. அப்பத்தான் லைனுக்குள்ள காத்து போயிருக்கு. இது புல்லுக்குள்ள விழுந்துருச்சு."

"கர்ணனா?"

"பொறு."

டேங்கிலிருந்து வரும் குழாய் பம்பில் சேரும் இடம். அங்கே ஒரு போல்ட்டின் கழுத்தில் பவுடர் கறுத்தது. முதலில் மயிரிழை மாதிரி. பிறகு இழை தடித்தது. ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, விழுந்தது. விழுந்த இடம் கருகிய புல்லின் நடு.

ஞானசிகாமணி அதை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார்.

"தம்பி! ஒழுக்கு கெடச்சிருச்சு. ஒரு போல்ட்டு லூசா இருக்கு. ஸ்பேனர் ஒண்ணு எடுத்துட்டு வாப்பா."

"டூல்பாக்ஸு சீட்டுக்கடியிலயே..." என்று ஆரம்பித்த சிம்ரன், அவர் கண்ணைப் பார்த்ததும் "...இருக்குமோன்னு பாத்தேன், இல்ல" என்று முடித்தாள்.

அல்தாப் டீத்தம்ளர்களை வரப்பில் வைத்துவிட்டு அறைக்குள் போனான். இரும்பு உருளும் சத்தம் கேட்டது. ஒற்றை ஸ்பேனரோடு வந்து நீட்டினான். பத்தொன்பதாம் நம்பர்.

ஞானசிகாமணி அதை வாங்கி, கறுத்திருந்த போல்ட்டில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இன்ஜின்ல எத்தனை போல்ட்டு இருக்கும் சிம்ரன்?"

"எண்ணுறதுக்குள்ள எனக்குப் பென்சன் வந்துரும்ணே."

"எந்தப் போல்ட்டுன்னு நான் சொல்லல. என்ன நம்பர்னு சொல்லல. தம்பி லாரிப் பக்கமே வரல. உள்ள ஒரு சட்டி ஸ்பேனர் கெடக்கு. அதுல இந்த ஒண்ணை மட்டும் எப்படிப்பா எடுத்தே?"

"குத்துமதிப்பாத்தான்" என்றான் அல்தாப். சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை.

ஞானசிகாமணி போல்ட்டைக் கழற்றினார். டீசல் குபுக்கென்று வந்து முழங்கைவரை நனைத்தது. விரலால் குழாயை அடைத்துக்கொண்டு, போல்ட்டில் இருந்ததை உருவி வெளியே எறிந்தார். ஒரு பக்கம் செம்பு வளையம். இன்னொரு பக்கம் இருக்க வேண்டிய செம்புக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர். டீசலில் ஊறிப் புடைத்து, ஓரமெல்லாம் பிய்ந்துபோயிருந்தது.

"லாரிக்காரன் எவனும் டீசலுக்கு இந்த ரப்பரைப் போட மாட்டான். ஊறி வீங்கி நைஞ்சுரும்னு தெரியும். தண்ணிக்குப் போட்டா ஆயுசுக்கும் கெடக்கும்."

சிம்ரன் குனிந்தாள். கொடிக்குக் கொடி ஓடிய சொட்டுநீர்க் குழாயின் முனை அவள் காலடியில் கிடந்தது. அதிலிருந்து ஒரு கறுப்பு வாசரை நெம்பி எடுத்து, நைந்ததன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரு தாய் பிள்ளை.



அம்சத் பீவி வரப்பிலிருந்து எழுந்து வந்தாள். இரண்டு வாசர்களையும் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"கேனோட போறதப் பாத்தேன்னு சொன்னியேடா?"

"பாத்தேன்! பொய்யில்ல!" அல்தாப்பின் குரல் உடைந்து எகிறியது. "அந்தாளு பெரிய யோக்கியன்னு நெனைக்காத. மருந்து கலந்து வச்ச அன்னைக்கு ஸ்ப்ரேயருக்கு டீசல் இல்ல. நான்தான் கெஞ்சுனேன், அக்காட்ட சொல்லாதீகன்னு. இந்தப் போல்ட்டைக் கழத்தி ஒரு கேன் புடிச்சுக் குடுத்தான். அவன் குடுத்தானா இல்லையா? கேளு! அப்ப அவனும் திருடன்தானே?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நானே கழத்திக்கிட்டேன்." தரையைப் பார்த்தான். "ராப்பகலா இந்தத் தோட்டத்துல கெடக்கேன். நம்ம அத்தா தோட்டத்த உன் பேருக்குத்தானே எழுதி வச்சாக? ஒரு கேன் டீசலுக்கு உன் முன்னாடி கையேந்தி நிக்கணும். அவன் வந்தா மட்டும் அண்ணே, அண்ணே. நான் யாருக்கா உனக்கு?"

காற்றில் பந்தல் கம்பி கிறீச்சிட்டது. ஞானசிகாமணி மெதுவாகச் சொன்னார்.

"ஒரு சொட்டுகூட எடுத்துக் குடுக்கலன்னு சத்தியம் கேட்டீக. அவரு ஒரு கேன் குடுத்திருக்காரு. ஒங்க தம்பிக்கு, ஒங்க தோட்டத்துக்கு. சூடத்தை அணைச்சா பொய்ச் சத்தியம். அணைக்காம உண்மையச் சொன்னா ஒங்க தம்பி மாட்டுவாரு. ரெண்டையும் செய்யாம சாவியக் குடுத்துட்டு வந்துட்டாரு."

அம்சத் பீவி தம்பியை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. டீத்தம்ளர் ஒன்றை எடுத்தவள், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

சிம்ரன் செம்பு வாசரை வாங்கிப் போய், பம்புசெட் அறை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்து வந்தாள். காய்ச்சினால் செம்பு இளகும், மறுபடி உட்காரும். ஞானசிகாமணி அதை மாட்டி முறுக்கி, துடைத்து, கடைசிப் பவுடரைத் தட்டினார். சரிவில் நின்ற லாரி ஒரு சொட்டு விடவில்லை. பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

அம்சத் பீவி போனை எடுத்தாள். முதலில் சங்கத்துக்கு. "டிரைவர் மேல தப்பில்லங்க. ஒழுக்குதான். ஆமா, சரி பண்ணியாச்சு." பிறகு கர்ணனுக்கு. கையில் தம்ளர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஏலக்கடை இரைச்சல் தோட்டத்துக்குள் வந்தது.

"கர்ணண்ணே, நாளைக்கு வந்து வண்டிய எடுத்துக்கங்க. ஒழுக்குதான். வாசர் போயிருந்துச்சு."

"வாசர் எப்படிம்மா போச்சு?"

அவள் அல்தாப்பைப் பார்த்தாள். அவன் அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு பேரம் முடிந்தது.

"பழசுண்ணே. தேஞ்சு போச்சு."

மறுமுனையில் யாரோ ஏலம் கூவினார்கள். அதற்கு மேலே கர்ணனின் குரல் வந்தது.

"அது நான் போட்ட காப்பர் வாசர். தேயாதும்மா." குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "சாவிய யார்ட்டயும் குடுத்து விடாதீக, வாங்க மாட்டேன். வாங்குன எடத்துல வச்சுக் குடுங்க. அன்னைக்கு வேடிக்கை பாத்தவுக இருக்கட்டும். வாசர் எப்படிப் போச்சுன்னு அங்கன சொல்லுங்க. அப்ப வாறேன்."

போன் அணைந்தது. அம்சத் பீவி தம்ளரைக் கவிழ்த்தாள். ஆறிய டீ கருகிய புல்லில் இறங்கியது. இடுப்பிலிருந்து எடுத்த பணத்தை ஞானசிகாமணியிடம் நீட்டினாள். "ஒங்களுக்குச் சொன்னது இருக்கு. எண்ணிக்கங்க. இது வெளிய போக வேணாம்."

அவர் எண்ணாமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நானில்ல."

பஸ் பிடிக்கச் சுருளிப்பட்டி ரோடுவரை நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு குத்தியது. சிம்ரன் கொஞ்ச தூரம் வாய் பேசாமல் வந்தாள். அவளுக்கு அது பெரிய சாதனை.

"நம்ம கேசு முடிஞ்சிருச்சாண்ணே?"

"நம்மது முடிஞ்சிருச்சு."

"அந்தம்மாது?"

ஞானசிகாமணி திரும்பிப் பார்த்தார். சரிவில் லாரி மூக்கைக் கவிழ்த்து நின்றது. அதன் நிழலில் அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டிச் சாவி அவள் மடியில் கிடந்தது.

"கர்ணனுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கு" என்றார். "வீரபாண்டிக் கோயில் வாசல்ல, ஆளுக பாக்க, தம்பி பேரைச் சொல்லி."